இறந்தவர் கண்ணால் பார்வை தந்த டாக்டர்: யார் இந்த ஃபிலாடோவ்?

கண் தானம்னா இறந்த பிறகு கொடுப்பதுதானே என்கிறோம். 100 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமையே வேற. காயத்தாலோ நோயாலோ உயிரோடு இருப்பவரிடம் அகற்றப்பட்ட கண் கிடைத்தால்தான் கருவிழி மாற்று சிகிச்சை. அப்படி எத்தனை கண் கிடைக்கும்?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் விளாதிமிர் ஃபிலாடோவ். 1875-ல் ரஷ்யாவில் பிறந்து, மாஸ்கோவில் படித்து, ஒடெசாவில் கண் மருத்துவரானார். 1912-ல் அவர் செய்த முதல் கருவிழி மாற்று தோல்வி. ஆனாலும் விடவில்லை. 1931-ல் இறந்தவரின் கருவிழியைப் பொருத்தி வெற்றி கண்டார். எடுத்த கண்ணை 2 முதல் 4 டிகிரி குளிரில் வைத்திருந்து பயன்படுத்தலாம் என்றும் காட்டினார். 1936-ல் ஒடெசாவில் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஆனா இறந்தவர் கண் என்றால், அவர் எதனால் இறந்தார் என்ற கேள்வியும் கூடவே வருமே? 1956-ல் ஃபிலாடோவ் காலமானார். 20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1970-களின் இறுதியில், அமெரிக்காவில் கருவிழி பெற்ற ஒரு பெண் ரேபிஸ் வந்து உயிரிழந்தார். தானம் தந்தவருக்கு ரேபிஸ் இருந்தது பிறகுதான் தெரிந்தது. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. ஆனா நரம்பு உண்டு, வைரஸ் வந்த வழி அதுதான்.

இப்போ கண்ணோடு ரத்த மாதிரியும் எடுத்து எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை செய்கிறார்கள். ரேபிஸால் இறந்தவரின் கண்ணை கண் வங்கிகள் ஏற்பதில்லை.