தொட்டுப் பார்க்கச் சொன்ன அறிஞர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

ஓப்பன்ஹைமர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அணுகுண்டு. ராபர்ட் ஓப்பன்ஹைமரின் பெயரை இயற்பியல் படிக்காதவர்களும் அறிவர். அவருக்கு எட்டு ஆண்டு இளையவராக ஒரு தம்பி இருந்தார். அவரும் இயற்பியல் அறிஞரே. பெரியவர்களும் வெட்கத்தை விட்டுக் குழந்தைகளோடு சேர்ந்து தொட்டும் சுழற்றியும் அறிவு பெறுவதற்கென ஒரு காட்சியகத்தை உருவாக்கிய ஃபிராங்க் ஓப்பன்ஹைமர்தாம் அவர். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

பிறப்பும் பணியும்

1912ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1939இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவரானார். இரண்டாம் உலகப் போரின்போது யுரேனியம் ஐசோடோப்புகளைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்டார். 1945 ஜூலை 16இல் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது அண்ணனுடன் இருந்தார். போர் முடிந்தபின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார்.

மாட்டுப் பண்ணையில் ஒரு மேதை

1930களின் பிற்பகுதியில் அவரும் மனைவியும் சில ஆண்டுகள் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராக இருந்தனர். 1949இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அதுபற்றி அவரை விசாரித்தது. தாம் உறுப்பினராக இருந்ததை ஒப்புக்கொண்டார். பிறரைக் காட்டிக் கொடுக்க மறுத்துவிட்டார். பல்கலைக்கழக வேலை போயிற்று. வேறிடத்தில் ஆய்வுப் பணியும் கிட்டவில்லை.

அந்த மேதை என்ன செய்தார் தெரியுமா? கொலராடோ மாநில மலைப்பகுதியில் நிலம் வாங்கி மாடு வளர்க்கத் தொடங்கினார். அணுவைப் பிளந்த ஆய்வில் பங்கு கொண்டவர், முப்பத்தாறு வயதுக்கு மேல் மாடு வளர்ப்பைத் தொடக்கப் பாடத்திலிருந்து கற்றார்.

1957இல் அருகிலிருந்த பகோசா ஸ்பிரிங்ஸ் ஊரின் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானார். ஊர்க் குப்பைமேட்டில் கிடைத்த பழைய பொருள்களைக் கொண்டே விசையியலையும் வெப்பத்தையும் மின்சாரத்தையும் விளக்கினார். 1959இல் கொலராடோ பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அங்கே ஏறக்குறைய நூறு சோதனைகளை எப்போதும் ஆயத்தமாக வைத்து, நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல் மாணவர் விரும்பியதைச் செய்து பார்க்க வழி செய்தார்.

காட்சியகம் பிறந்தது

1965இல் உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றவர், ஐரோப்பிய அறிவியல் காட்சியகங்களைக் கண்டார். அமெரிக்காவிலும் அத்தகையதொன்று வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1915ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சிக்காகச் சான் பிரான்சிஸ்கோவில் எழுப்பப்பட்ட நுண்கலை அரண்மனையில், 1969இல் எக்ஸ்ப்ளோரடோரியம் திறக்கப்பட்டது.

தொடாதே என்ற பலகைக்கு அங்கே இடமில்லை. இது சிறுவர்க்கு, இது பெரியவர்க்கு என்ற பிரிவினையும் இல்லை. பொருள்களைச் செய்யும் பட்டறையே பார்வையாளர் கண்ணில் படும்படி அமைந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஊதியம் பெற்று விளக்குநர்களாகப் பணியாற்றினர். பதினாறு வயதுப் பிள்ளை மாட்டின் கண்ணை அறுத்து வில்லையைக் காட்ட, தலை நரைத்தவர் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்பார். 1971இல் தொடுவுணர்வுக் கூடம் ஒன்று அமைந்தது. முழு இருட்டில் கையால் தடவித் தடவி, தவழ்ந்தும் சறுக்கியும் அதைக் கடக்க வேண்டும். அந்த இருட்டில் பேராசிரியர் யார், பாலகன் யார்?

எனக்கு ஏன் இவர் வேண்டும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் கட்டட வேலை செய்பவர். சென்ற ஆண்டு தம்பியை ஓர் அறிவியல் மையத்துக்கு அழைத்துச் சென்றபோது அவரும் வந்தார். கயிற்றை இழுத்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் கப்பி நாற்காலிகள் அங்கே இருந்தன. அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, தம்பியின் பையைப் பிடித்தபடி சுவரோரம் நின்றுவிட்டார். நானும் தம்பியும் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தோம்.

ஒரு நாற்காலியில் இழுத்தார், அடுத்ததில் இழுத்தார். பிறகு சொன்னார்: கப்பி கூடினால் பாரம் குறைகிறது, ஆனால் கயிற்றை அதிக நீளம் இழுக்க வேண்டியிருக்கிறது, மிச்சம் பிடித்த மாதிரி தெரிந்தாலும் கணக்கு ஒன்றுதான். வேலையின் அழியாமை பற்றி நான் தேர்வில் எழுதிய விடை அது. அவரோ அதை முப்பது ஆண்டுகளாகச் சாரத்தின்மேல் நின்று அறிந்திருக்கிறார். பள்ளியும் கல்லூரியும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. ஒரு விளையாட்டு நாற்காலி கேட்டது!

பிள்ளைகளுக்கானது என்று ஒதுங்கும் பெரியவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. தெரியாததை நாலு பேர் முன் காட்டிக்கொள்ள நேருமோ என்ற கூச்சமே அவர்களைத் தடுக்கிறது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு அக்கூச்சம் இன்னும் அதிகம். மதிப்பெண்ணும் தேர்ச்சியும் தோல்வியும் இல்லாத இடத்தில்தான் அது கரையும். மேதையாக இருந்தும் வெளியே நிறுத்தப்பட்ட ஃபிராங்க், யாரையும் வெளியே நிறுத்தாத கூடத்தைக் கட்டினார்.

அணையாத விளக்கு

1985 பிப்ரவரி 3இல் அவர் மறைந்தார். இறுதிவரை அவரே அதன் இயக்குநர். 2013இல் காட்சியகம் அந்நகரின் துறைமுகக் கரைக்கு இடம் மாறியது. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமென மாலை நிகழ்ச்சி ஒன்றை 2009இல் தொடங்கி நடத்தி வருகிறது. பகலில் பிள்ளைகள் சுழற்றிய சக்கரங்களை மாலையில் பெரியவர்கள் சுழற்றுகிறார்கள்!

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு நாள் நம் ஆய்வகங்களைப் பெற்றோர்க்குத் திறந்துவிடுங்கள். முப்பட்டகத்தையும் காந்தத்தையும் ஊசலையும் அவர்கள் கையில் நாங்கள் கொடுக்கிறோம். களையெடுத்த கையும் கல் சுமந்த கையும் அவற்றைத் தொட்டுப் பார்க்கட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை தேடுவது எங்கள் பாடமாகட்டும்.