டீசல் பெருமகனாரும் பட்டிப்பொலைக் காற்றும்

கொழும்பிலிருந்து பதுளை நோக்கி ஏறும் இருப்புப்பாதையில் மிக உயர்ந்த நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே அமைந்த இந்நிலையத்தைக் கடந்து, ஓகியாப் பக்கமுள்ள சுரங்கத்துள் வண்டி நுழையும்போது மழையும் மூடுபனியுமாக இருக்கும். மறுபுறம் வெளிப்படும்போது ஊவாவின் வெயில் கண்ணைக் கூசச் செய்யும். மலையொன்று, வானிலை இரண்டு. இவ்வேறுபாட்டை மனிதரைப் போலவே எஞ்சினும் உணர்கின்றது என்பதை யாம் ஒரு லொறியிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், எமது வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கரையோரத்திலிருந்து வந்த லொறியொன்று பட்டிப்பொலையில் இரவு தங்கியது. விடியற்குளிரில் அதன் எஞ்சின் எழும்ப மறுத்தது. ஒருவாறு எழும்பிய பின்னரும் ஏற்றத்தில் இழுக்கவில்லை. சாரதியார் எண்ணெய் போதவில்லை எனக் கருதிப் பம்பின் ஆணியைத் திருகி டீசலைக் கூட்டினார். கரும்புகை கூடியதே தவிர வலிமை கூடவில்லை. தோட்டத்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்து ஆணியைப் பழைய இடத்துக்கே திருப்பினார். காற்று வடியைத் துப்புரவாக்கினார். சிறிய கியரில் மெல்ல ஏறும்படி கூறினார். குறைந்தது எண்ணெயன்று, காற்றே என்பது அவர் விளக்கம். இலக்கணமும் இலக்கியமும் அன்றி வேறறியாத யாம், அந்த எஞ்சினுக்குப் பெயர் தந்தவரின் வரலாற்றை அதன் பின்னரே தேடிப் படித்தோம்.

ருடொல்ஃப் டீசல் 1858 மார்ச் 18-இல் பாரிஸ் நகரில் ஜேர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். தந்தையார் தோற்பொருள் செய்யும் கைவினைஞர். 1870-இல் மூண்ட போரினால் குடும்பம் பாரிஸைவிட்டு இலண்டனுக்குச் சென்றது. பன்னிரண்டு வயதுச் சிறுவர் அங்கிருந்து தனியே ஜேர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகருக்கு, உறவினர் வீட்டுக்குக் கல்வியின் பொருட்டு அனுப்பப்பட்டார். புலமைப் பரிசில் பெற்று மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றார். அங்கே, குளிரூட்டும் பொறிகளுக்குப் பேர்பெற்ற கார்ல் வொன் லிண்டே அவருக்கு ஆசிரியராய் வாய்த்தார். நீராவி எஞ்சின் தான் உண்ணும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என வகுப்பில் கேட்டது மாணவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அம்முள்ளே அவரது வாழ்க்கைப் பணியாயிற்று.

அவர் கண்ட வழி எளிய உண்மையொன்றில் பிறந்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் அறிவோம். காற்றை மிகக் கடுமையாக அமுக்கினால் அதன் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டியதில்லை. 1892-இல் விண்ணப்பித்து 1893-இல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த முதற் சோதனையில் அழுத்தம் தாங்காது அளவுகருவி வெடித்துச் சிதறியது. அருகில் நின்றவர் தப்பியது நற்பேறே. 1894-இல் எஞ்சின் தன் வலிமையால் ஒரு நிமிடமளவே ஓடியது. ஏட்டில் தாம் எழுதிய அழுத்தத்தைப் பெரிதும் குறைத்து, மூன்றாண்டுகள் திருத்தித் திருத்தி, 1897 பெப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் முன்னிலையில் ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாறியது.

அவர் முதற் சோதனை நடத்திய அதே 1893-இல்தான் நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல வழியாக அப்புத்தளைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அன்று ஏறியவை நீராவி எஞ்சின்கள். 1950களில், ராம்பலா அவர்கள் புகையிரதப் பகுதியின் உயர்பொறுப்பில் இருந்த காலத்தில், டீசல் எஞ்சின்கள் அவற்றின் இடத்தைப் பெறலாயின.

காற்றையே முதலாகக் கொண்ட எஞ்சினுக்குக் காற்றின் நிலையே விதி. கரையோரத்தில் காற்றழுத்தம் நூறு என்றால் பட்டிப்பொலையில் ஏறக்குறைய எண்பதே. குளிர்ந்த காற்று செறிவுடையதாதலின் இழப்பில் ஒரு சிறு பங்கு ஈடாகும். ஆயினும் அக்குளிரே விடியலில் அமுக்கிய காற்றைப் போதிய அளவு சூடேறவிடாது. மசகெண்ணெயைத் தடிக்கச் செய்து, பற்றரியையும் தளர்த்தும். ஈரக்காற்றிலுள்ள நீராவியும் ஒட்சிசனின் இடத்தைச் சிறிது பிடித்துக்கொள்ளும். பெற்றோல் எஞ்சினிலும் இதுவே கதை: கரையோரத்தில் ஒழுங்குசெய்த காபரேற்றர் மலைக்காற்றுக்கு மிகையான பெற்றோலைத் தரும், ஆதலின் சிறிய ஜெட் பொருத்துவர். புகைக்கழிவின் விசையாலேயே காற்றை மிகுதியாகப் புகுத்தும் முறைக்கு சுவிஸ் பொறியியலாளர் அல்ஃபிரட் பூஹி 1905-இல் காப்புரிமை பெற்றார். தோட்டத்தில் தப்படிப்போர் பனிநாளில் தோலைத் தீயில் வாட்டியே அடிக்கத் தொடங்குவர். கருவி பழையதே; நாளுக்கேற்பப் பதப்படுத்துவதே கலை.

இவ்வளவும் அமைத்தவரின் இறுதிக்காலம் இரங்கத்தக்கது. 1898-இல் அவுக்ஸ்பேர்க்கில் எழுந்த தொழிற்சாலை, பக்குவப்படாத எஞ்சின்களை விற்றுத் தோல்வி கண்டது. உடல்நலம் குன்றியது. ஈட்டிய பெருஞ்செல்வம் தவறான முதலீடுகளில் கரைந்தது. 1913 செப்டெம்பர் 29-இல் அன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்து நோக்கிக் கப்பலேறியவர் மறுநாட் காலை அறையில் இல்லை. சில நாட்களின் பின் அவரது உடல் கடலிற் காணப்பட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

பம்பின் ஆணியைத் திருகுவது எளிது. காற்றின் அளவறிவது அரிது. ஏட்டின் அழுத்தத்தைக் குறைக்கத் துணிந்த நாளிலேதான் டீசலின் எஞ்சின் ஓடியது. அளவு மீறிய முதலீட்டிலே அவர் வாழ்வு நின்றது. மலைநாட்டிலிருந்து கற்கவரும் எம் மாணவருள் நாளை பொறியியலாளராவோர் பலர் உண்டு. ஏற்றத்தில் வலிமை குன்றும்போது எண்ணெயைக் கூட்டுமுன் காற்றை நோக்குக என்பதே அவர்கட்கு யாம் கூறவிரும்புவது.