நீதிபதி பிராண்டைஸும் மோட்டார் வண்டியின் சாட்சியமும்

இக்காலத்து மோட்டார் வண்டிகளில், ஓட்டுகிறவரின் கண்ணில் படாத இடத்தில், ஒரு சிறு பெட்டி இருக்கிறது. வண்டியின் வேகத்தையும் பிரேக்கின் நிலையையும் அது கணத்துக்குக் கணம் கவனித்து வருகிறது. விபத்து நேர்ந்தால், அதற்கு முந்திய சில விநாடிகளின் விவரத்தை அழியாமல் பதிந்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு யாருடைய சொத்து, போலீஸார் நினைத்தவுடன் அதை எடுத்துக்கொள்ளலாமா என்ற தகராறு ஐக்கிய அமெரிக்காவில் இருபது வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்தத் தகராறில் எழும் வாதங்களின் மூலத்தைத் தேடிப் போனால், இத்தகைய பெட்டியைக் கனவிலும் கண்டிராத ஒரு மனிதரிடம் வந்து நிற்கிறோம். அவரே நீதிபதி லூயி பிராண்டைஸ். அவருடைய வாழ்க்கையை நம் நேயர்கள் அறிந்திருப்பது நலமென்று கருதுகிறோம்.

பிராண்டைஸ் 1856-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி கெண்டக்கி இராஜ்யத்தைச் சேர்ந்த லூயிவில் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் பிராக் நகரத்து யூதர்கள். 1848-ம் வருஷத்து ஐரோப்பியப் புரட்சிகள் தோல்வியுற்ற காலத்தில் கடல் கடந்து சென்று குடியேறியவர்கள். சிறிது காலம் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் படித்துவிட்டு, ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்த பிராண்டைஸ் 1877-ல், இருபதாவது வயதில், யாவரினும் சிறந்த மாணவராகத் தேறினார். இடையில் கண் பார்வை கெட்டது. நண்பர்கள் பாடங்களை வாசிக்க, அவர் செவியால் கேட்டே மனத்தில் பதித்துக்கொண்டார்.

1879-ல் ஸாமுவேல் வாரன் என்ற நண்பருடன் சேர்ந்து பாஸ்டன் நகரில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இவ்விருவரும் 1890-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஹார்வர்டு சட்டப் பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரைதான் பிற்காலத்து விவகாரங்களுக்கெல்லாம் விதை. கையில் எடுத்துச் செல்லத்தக்க கொடாக் காமிரா அப்பொழுதுதான் கடைக்கு வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. கேளாமலே எவரையும் படம் பிடிக்கலாம். வீட்டு வம்புகளை அச்சிட்டு விற்கலாம். சட்டமோ மனிதனுடைய உடலையும் நிலத்தையும் பொருளையும் மட்டுமே காத்து நின்றது. அவனுடைய எண்ணங்களும் உணர்ச்சிகளும் இல்வாழ்க்கையும் அவனுக்கே உரியவை, புதிய யந்திரங்கள் தோன்றும்பொழுது சட்டமும் வளரவேண்டும் என்று அவர்கள் வாதித்தார்கள். பிறர் தலையீடின்றித் தன்பாட்டில் விடப்படுவதும் ஓர் உரிமையே என்பது அவர்களுடைய சித்தாந்தம். அக்கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவை பெரும்பாலும் பத்திரிகைகள். பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நமக்கு இதைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதில் நியாயம் உண்டு.

இவ்வாறு திரைக்காக வாதாடியவர், மற்றொரு பக்கத்தில் வெளிச்சத்துக்காகவும் வாதாடினார் என்பதை மறக்கலாகாது. ரெயில்வே கம்பெனிகளையும் பாங்குகளையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளையும் எதிர்த்துப் பொதுஜனங்களின் சார்பில் கூலி வாங்காமல் அவர் நடத்திய வழக்குகள் பல. ஜனங்களின் வக்கீல் என்றே அவருக்குப் பெயர் வழங்கிற்று. 1908-ல், பெண் தொழிலாளரின் வேலை நேரத்தை வரையறுத்த ஆரிகன் இராஜ்யச் சட்டத்தை ஆதரித்து சுப்ரீம் கோர்ட்டில் அவர் சமர்ப்பித்த வாதத்தில் சட்டம் இரண்டே பக்கம். தொழிற்சாலை விவரங்களும் வைத்தியர்களின் சாட்சியமும் நூறு பக்கத்துக்கு மேல். உண்மை விவரத்தில் அவருக்கு அத்தனை பற்று. பெரிய கம்பெனிகளின் கணக்கு வழக்குகள் பகல் வெளிச்சத்துக்கு வரவேண்டுமென்று 1913-ல் தொடர்ந்து எழுதினார். ஜனாதிபதி வில்ஸனுக்கு ஆலோசகராக இருந்து, 1914-ல் மத்திய வர்த்தகக் கமிஷன் பிறப்பதற்கும் துணை புரிந்தார். அதிகாரமும் செல்வமும் உடையவன் வெளிச்சத்தில் நிற்க வேண்டும். தனிப்பட்ட பிரஜைக்கு மறைவிடம் வேண்டும். இரண்டையும் முரணென்று அவர் கருதவில்லை, நாமும் கருதவில்லை.

1916-ம் வருஷம் ஜனவரியில் வில்ஸன் அவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக நியமித்தபொழுது பணக்கார வர்க்கம் கொதித்தெழுந்தது. நான்கு மாத காலம் விசாரணை நடந்த பிறகே, ஜூன் முதல் தேதியன்று, 47-க்கு 22 என்ற வோட்டுக் கணக்கில் ஸெனட் சபை அங்கீகரித்தது. அப்பதவிக்கு வந்த முதல் யூதர் அவரே.

மோட்டார் வண்டியைப் பற்றிய முக்கியமான வழக்கு 1925-ல் அவர் முன் வந்தது. அமெரிக்காவில் அது மதுவிலக்குக் காலம். மிச்சிகன் இராஜ்யத்தில் கிராண்டு ராபிட்ஸுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையேயுள்ள சாலையில் அதிகாரிகள் ஒரு வண்டியை மறித்து, ஆசனத்தின் மெத்தையைக் கிழித்து, 68 பாட்டில் மதுவை வெளியே எடுத்தார்கள். கையில் வாரண்டு இல்லை. வீட்டைச் சோதிப்பதானால் வாரண்டு வேண்டும், வண்டியோ வாரண்டு வருவதற்குள் ஓடிவிடும், ஆகையால் தக்க காரணமிருந்தால் வாரண்டின்றியே சோதிக்கலாம் என்று பிரதம நீதிபதி டாஃப்ட் தீர்ப்பு எழுதினார். இரு நீதிபதிகள் மறுத்தார்கள். அவ்விருவரில் பிராண்டைஸ் இல்லை. அவர் பெரும்பான்மையோருடன் நின்றார். அவரைப் போற்றும் நூல்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. மறைத்துவிட்டுச் சொல்வது சரித்திரமாகாது என்பதனால் நாம் பேசுகிறோம்.

மூன்று வருஷங்கள் கழிந்தன. ஸியாட்டில் நகரத்தில் பெருந்திரளாக மது கடத்திய ஒரு கூட்டத்தைப் பிடிப்பதற்காக, மத்திய சர்க்கார் அதிகாரிகள் டெலிபோன் கம்பிகளில் வேறு கம்பி இணைத்து மாதக் கணக்கில் ஒட்டுக் கேட்டார்கள். குறைந்தது எட்டு டெலிபோன்கள். கேட்டதை எழுதிய குறிப்புகள் டைப் அடித்த 775 பக்கங்கள். இப்படிக் கம்பியில் ஒட்டுக் கேட்பது அந்த இராஜ்யத்துச் சட்டப்படியே குற்றம். எவர் வீட்டிலும் நுழையவில்லை, எந்தப் பொருளையும் கைப்பற்றவில்லை, ஆகையால் அரசியல் சட்டம் மீறப்படவில்லை என்று 1928-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி ஐவர் முடிவு கூறினார்கள். நால்வர் மறுத்தார்கள். இம்முறை பிராண்டைஸ் மறுத்தவர்களின் அணியில் இருந்தார். மது வியாபாரிகளிடம் அவருக்கு அனுதாபம் கிடையாது. மதுவிலக்குச் சட்டம் செல்லுமென்று 1920-லேயே தீர்ப்பு எழுதியவர் அவர். பிடிபட்டவன் யாரென்பதை விட்டு, பிடித்த விதம் எத்தகையது என்பதையே அவர் பார்த்தார்.

அரசியல் சட்டத்தை வகுத்தவர்களின் காலத்தில் சர்க்காருக்கிருந்த கருவிகள் பலாத்காரமும் சித்திரவதையுமே. விஞ்ஞானமோ அவற்றினும் நுட்பமான கருவிகளைக் கொடுத்திருக்கிறது, அது டெலிபோனோடு நிற்கப்போவதில்லை என்றார். மேஜை அறையிலுள்ள காகிதத்தை வெளியில் எடுக்காமலே அதிலுள்ளதைக் கோர்ட்டில் காட்டும் நாளும் வரக்கூடும் என்று எச்சரித்தார். சர்க்காரே சட்டத்தை மீறினால் ஜனங்களும் அதையே கற்றுக்கொள்வார்கள் என்றும் கண்டித்தார். பிறவாத யந்திரங்களுக்கும் சேர்த்து எழுதிய தீர்ப்பு அது. கோர்ட்டில் அன்று தோற்றது. 1939-ல் பதவியிலிருந்து விலகி, 1941-ம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி வாஷிங்டனில் அவர் மறைந்தபொழுதும் தோற்றதாகவே இருந்தது. 1967-ல்தான், பொது டெலிபோன் கூண்டு பற்றிய ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு பழைய முடிவைக் கைவிட்டது.

இனி மோட்டார்ப் பெட்டிக்கு வருவோம். விபத்தின்போது காற்றுப் பையை விரிக்கும் யந்திரத்தின் ஓர் அங்கமாகவே அது பிறந்தது. 2006-ம் வருஷத்து அமெரிக்க விதி, இப்பெட்டி வைத்த வண்டிகளில் மோதலுக்கு முந்திய ஐந்து விநாடி நேரத்து வேகம், பிரேக், ஆசன வார் முதலியவற்றைப் பதியச் சொல்லிற்று. 2024 டிசம்பரில் வெளியான விதி அந்த ஐந்தை இருபதாக்கியது. ஐரோப்பியக் கூட்டமைப்பில் 2024 ஜூலை முதல் புதிய கார் ஒவ்வொன்றிலும் இது கட்டாயம். பேச்சையோ படத்தையோ இப்பெட்டி பதிவதில்லை. மோதல் இல்லாவிட்டால் பழையது தானே அழிந்துகொண்டிருக்கும். இதனால் காற்றுப் பை திருந்தியது, உயிர்களும் பிழைத்தன. இதை மறுப்பது வீண் பிடிவாதம்.

கோர்ட்டுகளிலோ 1925-க்கும் 1928-க்கும் இன்னும் போர் ஓயவில்லை. 2013-ல் கலிபோர்னியாவின் அப்பீல் கோர்ட்டு ஒன்று, பொதுச் சாலையில் ஓடும் வண்டியின் வேகம் எவர் கண்ணுக்கும் தெரிவதே, அதில் அந்தரங்கம் ஏது என்று கூறிவிட்டது. ஜார்ஜியாவில் நூறு மைலை நெருங்கிய வேகத்தில் சென்ற ஒருவரின் வண்டி மோதி, மற்ற வண்டியிலிருந்த இருவர் மாண்டார்கள். போலீஸார் வாரண்டின்றிப் பெட்டியைப் படித்தார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று 2019-ல் அவ்விராஜ்யத்து சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இரு உயிர் போயிருக்கச் சட்ட நுணுக்கம் பேசலாமா என்று சிலர் சினக்கலாம். ஆனால் நொறுங்கிய வண்டி எங்கும் ஓடிவிடாது. மறுநாளே போலீஸார் வாரண்டு வாங்கவும் செய்தார்கள். வண்டி ஓடிவிடும் என்ற காரணத்துக்காகப் பிராண்டைஸ் 1925-ல் ஒப்புக்கொண்ட விலக்கு, ஓட முடியாத வண்டிக்கு எவ்வாறு பொருந்தும்? ஜார்ஜியாவின் முடிவே சரியென்பது நம் அபிப்பிராயம்.

போலீஸாரை விடக் கம்பெனிகள் சாமர்த்தியசாலிகள். பெட்டியோடு நில்லாமல், ஓடும் வண்டியிலிருந்து ஆகாய மார்க்கமாகவே விவரங்களை வரவழைக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, ஓட்டுகிறவர்களின் இருப்பிடத்தையும் நடத்தையையும், சிலவற்றை மூன்று விநாடிக்கு ஒரு முறையாகவும், தக்க சம்மதமின்றிச் சேகரித்து விற்றதாக 2025 ஜனவரியில் குற்றம் சாட்டியது, பிராண்டைஸ் துணை நின்று உருவாக்கிய அதே வர்த்தகக் கமிஷன். நம் நாட்டிலும் 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென்று ஒருமுகமாகக் கூறியபொழுது, 1890-ம் வருஷத்துக் கட்டுரையையும் ஆராய்ந்தார்கள்.

மோட்டார்ப் பெட்டியைக் குறித்து 2004-ல் முதன்முதலாகச் சட்டம் அமுலாக்கியது கலிபோர்னியா. 2015 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸும் ஒரு சட்டம் இயற்றிற்று. கோர்ட்டின் உத்தரவு, உடையவரின் சம்மதம், விபத்து வைத்தியம் முதலிய சில காரணங்களாலன்றிப் பெட்டியிலுள்ளதை எவரும் எடுக்கலாகாது. சட்டத்தின் பெயர் ஓட்டுகிறவரின் அந்தரங்கச் சட்டம். ஆனால் உள்ளே படித்துப் பார்த்தால், விவரம் வண்டியின் சொந்தக்காரருக்கோ நீண்ட வாடகைக்கு எடுத்தவருக்கோ உரியது என்றிருக்கிறது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் தொழிலாளி ஓட்டுகிறவர்தான், சொந்தக்காரர் அல்லர். விபத்துக்குப் பின் முதலாளி சம்மதித்தால் போதும், அத்தொழிலாளியின் காலும் கையும் செய்ததையெல்லாம் பெட்டி சொல்லிவிடும். அவரைக் கேட்க வேண்டுமென்று அச்சட்டத்தில் ஒரு வரியும் இல்லை.