கடற்படைத் தலைவர் குஞ்ஞாலி மரைக்காயர்

கேரளக் கடற்கரையில் வடகரைக்கு அருகே கோட்டக்கல் என்றோர் சிற்றூர் உண்டு. நான்காம் குஞ்ஞாலி எனப் புகழ்பெற்ற முகமது அலி மரைக்காயர் இறுதிப் போர் புரிந்த இடம் அது. அப்போர் ஒரு நாளில் மூண்டதன்று. ஒரு நூற்றாண்டுக் காலம் கடலில் கனன்ற பகையின் முடிவாகும்.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோடகாமா கோழிக்கோடு வந்தடைந்தார். அதன்பின் போர்த்துக்கீசியர், யாவர்க்கும் பொதுவாயிருந்த கடலைத் தமது உடைமையாக்க முனைந்தனர். கர்த்தாஸ் எனும் அனுமதிச் சீட்டுப் பெறாத மரக்கலங்களைக் கைப்பற்றினர். சாமூதிரி மன்னரோடு உடன்படிக்கை நிலவிய காலங்களிலும் இப்பறிமுதல் ஓயவில்லை. அதனைப் போர் என்பதற்கும் இல்லை. அமைதி என்பதற்கும் இல்லை.

வணிகர்களாயிருந்த மரைக்காயர்கள் சாமூதிரியின் கடற்படைத் தலைமையை ஏற்றனர். துடுப்பு வலித்து விரையும் சிறு படகுகளில் கழிமுகங்களில் மறைந்திருந்து, தனித்து வரும் பகைவர் கலங்களைத் தாக்கினர். போர்த்துக்கீசியர் இவர்களைக் கடற்கொள்ளையர் என்றனர். மன்னரோ குஞ்ஞாலி என்னும் பட்டமளித்துச் சிறப்பித்தார்.

படகுகளுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. 1571இல் போர்த்துக்கீசியரின் சாலியம் கோட்டை வீழ்ந்த பின்னர், மூன்றாம் குஞ்ஞாலி மன்னரின் இசைவுடன் கோட்டக்கல்லில் கோட்டை எழுப்பினார். 1595 அளவில் பொறுப்பேற்ற அவருடைய மருமகன் முகமது அலி அதனை மேலும் வலுப்படுத்தினார். அத்தோடு பகையின் இயல்பே மாறிற்று. ஓடி மறையும் படகைத் துரத்தினால் போதும். கோட்டையை முற்றுகையிட்டே வெல்ல வேண்டும்.

வளர்ந்துவந்த அவ்வலிமை சாமூதிரியின் உள்ளத்திலும் ஐயத்தை விளைத்தது. குஞ்ஞாலி தம்மை அரசராகவே கருதலானார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். மன்னர் பழம்பகைவரோடு கைகோத்தார். 1599இல் நிகழ்ந்த தாக்குதலில் போர்த்துக்கீசியர் பேரிழப்புற்றுப் பின்வாங்கினர். 1600இல் கடல்வழியே அவர்களும் நிலவழியே சாமூதிரியின் படையும் கோட்டையைச் சூழ்ந்தனர். உயிருக்கு உறுதி பெற்று, மார்ச் மாதத்தில் குஞ்ஞாலி மன்னரிடம் சரணடைந்தார். அவ்வுறுதி காக்கப்படவில்லை. போர்த்துக்கீசியர் அவரைப் பற்றிக் கோவாவுக்குக் கொண்டு சென்று சிரச்சேதம் செய்தனர்.

மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளமொன்று இன்று குஞ்ஞாலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரது வீரத்தைப் போற்றும் நாம் மற்றொன்றையும் மறத்தலாகாது. கடலில் சீட்டுக் கேட்டுத் தொடங்கிய சிறு அத்துமீறல்கள் பீரங்கிப் போராய் முடிந்தன. அப்போரிலும் கோட்டையை வீழ்த்தியது பீரங்கி மட்டுமன்று, மன்னரும் தளபதியும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட ஐயமுமாகும்.