ஒரே காட்சி, இரண்டு கமெராக்கள், ஒரு பெயர்

1936 ஓகஸ்ட் மாதம். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. பார்சிலோனா நகரில் ஓர் இளைஞனும் ஓர் இளம் பெண்ணும் நாற்காலிகளில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இருவரும் குடியரசு அரசாங்கத்தின் பக்கம் நின்று போரிட முன்வந்த தொண்டர்கள். அந்தச் சிரிப்பு இன்று இரண்டு ஒளிப்படங்களாக எஞ்சியிருக்கிறது. ஒன்று சதுரம், மற்றது நீள்சதுரம். ஒரே இடத்தில், ஒரே வேளையில், ஒன்றாகப் பயணம் செய்த இருவர் எடுத்தவை அவை.

நீள்சதுரப் படத்தை எடுத்தவர் ரொபேர்ட் காப்பா. யுத்த ஒளிப்படம் என்றாலே உலகம் முதலில் உச்சரிக்கும் பெயர். சதுரப் படத்தை எடுத்தவர் கேர்டா டாரோ. ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில் காப்பாவைப் பற்றி நான் பல பக்கங்கள் குறிப்பெடுத்திருக்கிறேன். டாரோ அந்தக் குறிப்புகளில் ஒரே வரியில் வந்துபோனார், காப்பாவின் காதலியாக. அந்த ஒரு வரிக்குள் ஒரு முழு வாழ்க்கை இருந்ததைப் பின்னர்தான் தேடி வாசித்தேன்.

அவருடைய இயற்பெயர் கெர்டா பொஹோரில். 1910 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், கலீசியாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். 1929இல் குடும்பம் லைப்சிக் நகருக்கு இடம்மாறியது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது நாசிகளுக்கு எதிரான துண்டுப்பிரசுரங்கள் தொடர்பில் கைதுசெய்யப்பட்டார். விடுதலையானதும் அதே ஆண்டில் பரிஸ் நகருக்குத் தப்பிச் சென்றார். அப்போது அவருக்கு வயது 23. அதன் பிறகு தாய் தகப்பனையும் சகோதரர்களையும் அவர் பார்க்கவேயில்லை.

பரிஸில் அகதி வாழ்க்கை. கிடைத்த வேலையைச் செய்து காலத்தை ஓட்டினார். 1934இல் அங்கே ஹங்கேரியிலிருந்து வந்த இன்னொரு யூத அகதியைச் சந்தித்தார். புடாபெஸ்ட்டில் பிறந்த அந்த இளைஞனின் பெயர் அந்திரே ஃபிரிட்மன். கையில் கமெரா இருந்தது, காசு இல்லை. அவர் கெர்டாவுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். கெர்டா அவருக்கு உடுத்தவும் படங்களை விற்கவும் கற்றுக்கொடுத்தார். 1935இல் ஒளிப்பட முகவர் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்ததால், எந்தப் பத்திரிகை எந்தப் படத்தை வாங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அகதிகளின் படங்களுக்குக் குறைந்த விலைதான் கிடைத்தது. 1936இல் இருவரும் சேர்ந்து ஒரு தந்திரம் செய்தார்கள். ரொபேர்ட் காப்பா என்ற பெயரில் வசதியான ஓர் அமெரிக்க ஒளிப்படக் கலைஞரைக் கற்பனையாக உருவாக்கி, அவருடைய படங்கள் என்று சொல்லி விற்றார்கள். விரைவிலேயே ஃபிரிட்மன் அந்தப் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். கெர்டா பொஹோரில் கேர்டா டாரோ ஆனார். காப்பா என்ற பெயர் பிறந்தபோது அதற்குப் பின்னால் இருந்தவர்கள் இருவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தவை விளங்கும்.

யுத்தம் தொடங்கியதும் இருவரும் ஸ்பெயினுக்குப் போனார்கள். காப்பாவின் கையில் சிறிய லைக்கா. அதைக் கண்ணருகே உயர்த்திப் படம் எடுக்க வேண்டும், நெகட்டிவ் நீள்சதுரமாக வரும். டாரோவின் கையில் இருந்தது சதுர நெகட்டிவ் தரும் பெரிய கமெரா. அதை இடுப்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். அதனால் அவருடைய பார்வை தாழ்விலிருந்து மேல்நோக்கிச் செல்கிறது. பார்சிலோனாக் கடற்கரையில் குதிச் செருப்புடன் முழந்தாளிட்டுக் கைத்துப்பாக்கிப் பயிற்சி எடுக்கும் பெண்ணின் படம் இவ்வாறு எடுக்கப்பட்டதுதான்.

அரகோன் முனை, மட்ரிட், டொலேடோ, கோர்டோபா என்று இருவரும் சேர்ந்தே அலைந்தார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் கோர்டோபா அருகே செரோ முரியானோ கிராமத்திலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் வெளியேறியபோதும் இருவரும் அங்கே இருந்தார்கள். சுடப்பட்டுச் சாயும் படைவீரனின் உலகப் புகழ்பெற்ற படம் இதே பயணத்தில் எடுக்கப்பட்டதுதான். அது எங்கே, எப்படி எடுக்கப்பட்டது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. எடுத்தவர் டாரோவாக இருக்கலாம் என்று வாதிட்டவர்களும் உண்டு.

1937 பெப்ரவரியில் மலகா நகரம் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. பெருந்தொகையான மக்கள் கடலோர வீதி வழியாக அல்மேரியாவை நோக்கி நடந்தார்கள். வானிலிருந்தும் கடலிலிருந்தும் அந்த மக்கள் மீது குண்டுகள் விழுந்தன. தப்பி வந்து சேர்ந்தவர்களை அல்மேரியாவில் இருவரும் படமெடுத்தார்கள். அப்படி ஒரு வீதி எப்படி இருக்கும் என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தொடக்கத்தில் இருவரின் படங்களும் பெரும்பாலும் காப்பா என்ற ஒரே பெயரில்தான் வெளியாகின. பின்னர் இருவரின் பெயரும் சேர்ந்த முத்திரை வந்தது. 1937இன் நடுப்பகுதிக்குள் டாரோ தன் பெயரை மட்டும் பொறித்த முத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கினார். அந்த மே மாதம் வலென்சியா மீது குண்டுவீச்சு நடந்தபோது அவர் தனியாகப் போய் எடுத்த படங்கள் இருக்கின்றன. பிணவறையில் கிடத்தப்பட்ட சடலங்கள் ஒரு பக்கம். வைத்தியசாலையின் இரும்புப் படலையில் முகம் பதித்து, தங்கள் உறவுகள் உள்ளே இருக்கிறார்களா என்று அறியக் காத்திருக்கும் மக்கள் மறுபக்கம். சடலங்களைவிட அந்தப் படலைக்கு முன்னால் நின்ற முகங்களே என்னைக் கூடுதலாகப் பாதித்தன. பெயர்ப் பட்டியலுக்காகக் காத்து நின்றவர்கள் மத்தியில் வளர்ந்த எவருக்கும் அந்த முகங்கள் அந்நியமானவை அல்ல.

ஜூலை மாதம் மட்ரிட்டுக்கு மேற்கே புருனேட்டே சமர் நடந்தது. காப்பா பரிஸில் இருந்தார், டாரோ களத்தில் நின்றார். 25ஆம் திகதி குடியரசுப் படைகள் குழம்பிப் பின்வாங்கியபோது, காயமடைந்தவர்களை ஏற்றிச் சென்ற காரொன்றின் பக்கப் படியில் அவர் தொற்றிக்கொண்டார். கட்டுப்பாட்டை இழந்த யுத்த தாங்கியொன்று அந்தக் காரில் மோதியது. அது எதிரியின் தாங்கி அல்ல, தன் பக்கத்துத் தாங்கிதான். அதன் கீழ் நசுங்கிய டாரோ, எல் எஸ்கோரியால் வைத்தியசாலையில் 26ஆம் திகதி உயிரிழந்தார். ஓகஸ்ட் 1ஆம் திகதி பரிஸில் பெரும் சனக்கூட்டத்துடன் அவருடைய இறுதி ஊர்வலம் நடந்தது. அன்று அவருக்கு 27 வயது நிறைந்திருக்க வேண்டும். பெர் லாஷேஸ் மயானத்தில் உள்ள அவரது கல்லறையைச் சிற்பி அல்பெர்ட்டோ ஜியகொமெட்டி வடிவமைத்தார்.

இவ்வளவு பெரிய பிரியாவிடை பெற்ற ஒருவர் எப்படி மறைந்துபோனார்? 1938இல் காப்பா வெளியிட்ட ஸ்பெயின் யுத்த ஒளிப்பட நூல் டாரோவுக்கே சமர்ப்பிக்கப்பட்டது. ஆனால் உள்ளே எந்தப் படம் யாருடையது என்று குறிக்கப்படவில்லை. அவருக்காகப் பேச குடும்பத்தில் எவரும் எஞ்சவில்லை. காப்பாவின் புகழ் வளர வளர, டாரோவின் படங்கள் அதற்குள் கரைந்தன. காப்பா 1954இல் வியட்நாமில் கண்ணிவெடியில் உயிரிழந்தபோது, தெரிந்து சொல்லக்கூடிய முக்கியமான ஒருவரும் இல்லாமற் போனார்.

டாரோவை மீட்டது நெகட்டிவ்தான். 1939இல் பரிஸைவிட்டு நியூயோர்க் சென்ற காப்பா தன் நெகட்டிவ்களை அங்கேயே விட்டுச் சென்றிருந்தார். அவை மூன்று பெட்டிகளில் எப்படியோ மெக்சிகோ போய்ச் சேர்ந்தன. 2007 டிசெம்பரில் நியூயோர்க்கின் சர்வதேச ஒளிப்பட நிலையத்துக்கு அவை வந்தபோது உள்ளே ஏறக்குறைய 4,500 நெகட்டிவ்கள் இருந்தன. காப்பா, டாரோ, அவர்களின் நண்பர் டேவிட் சீமோர் ஆகிய மூவரின் படங்கள். தனிப் படமாக அல்லாமல் முழுச் சுருளாகப் பார்க்கும்போது, முன்னும் பின்னும் யார் எங்கே நின்றார் என்பது தெரிகிறது. காப்பாவின் கணக்கில் இருந்த சில படங்கள் உண்மையில் டாரோவுடையவை என்று உறுதியானது அப்படித்தான்.

எங்கள் யுத்தத்தின் படங்கள் இன்று ஒவ்வொரு மே மாதமும் கைத்தொலைபேசிகளில் சுற்றி வருகின்றன. அநேகமானவற்றில் எடுத்தவரின் பெயர் இல்லை. அவர்களில் சிலர் இன்று உயிரோடும் இல்லை. படத்தில் இருப்பவர் யார் என்று கேட்கிறோம். கமெராவுக்குப் பின்னால் நின்றவர் யார் என்று கேட்பது அரிது. டாரோவின் பெயர் திரும்பி வர எழுபது ஆண்டுகள் எடுத்தன, அதுவும் மூன்று பெட்டிகள் தப்பியதால். எங்களிடம் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கேட்டு எழுதி வைக்க இப்போது நேரம் இருக்கிறது.