பிரமிடைப் படம் எடுத்தவர் கிராமத்துத் தெருவுக்கு வந்தது ஏன்? யார் இந்த பிரான்சிஸ் ஃப்ரித்?

இங்கிலாந்து கிராமங்களின் பழைய படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். கல்லில் கட்டிய தேவாலயம், ஓலைக்கூரை வீடு, பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கும் குதிரை வண்டி. அந்தப் படங்கள் பலவற்றின் மூலையில் ஒரு நம்பரும், எஃப்.எஃப். அண்ட் கோ என்ற எழுத்துகளும் இருக்கும். அந்த எஃப்.எஃப். தான் பிரான்சிஸ் ஃப்ரித்.

மளிகை வியாபாரி கேமராவைத் தூக்கிய கதை

1822-ல் டெர்பிஷயரில் உள்ள செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஷெஃபீல்டு நகரில் கத்தி, கரண்டி செய்யும் நிறுவனத்தில் தொழில் பழகப் போனார். அது ஒத்துவரவில்லை. 1843-ல் மனதளவில் உடைந்துபோய், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பெற்றோருடன் ஊர் ஊராகச் சுற்றித்தான் தேறினார்.

அப்புறம் லிவர்பூலில் மொத்த மளிகை வியாபாரம். அதில் நல்ல காசு. 1850-களின் நடுவில் கடையை விற்றபோது அவருக்கு வயது 35கூட ஆகவில்லை. இனி வேலைக்கே போக வேண்டாம் என்ற நிலை! ஆனால் அவருக்கு ஏற்கெனவே போட்டோ பைத்தியம் பிடித்திருந்தது. 1853-ல் தொடங்கிய லிவர்பூல் போட்டோகிராபிக் சொசைட்டியின் நிறுவன உறுப்பினர்களில் அவரும் ஒருவர்.

பாலைவனத்தில் கொதித்த ரசாயனம்

1856-க்கும் 1860-க்கும் நடுவில் மூன்று முறை எகிப்து, பாலஸ்தீனப் பக்கம் போனார். அன்றைக்கு போட்டோ எடுப்பது எப்படி தெரியுமா? கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டில் கழுவ வேண்டும். காய்ந்தால் தகடு வீண். பாலைவன வெயிலில், மூடிய கூடாரத்துக்குள் இதைச் செய்தார் ஃப்ரித். சூட்டில் கொலோடியன் கொதித்தே விட்டது. சில சமயம் பழைய கல்லறைகளுக்குள் போய் இருட்டறை அமைத்துக்கொண்டார். சில தகடுகள் 20 அங்குலம் நீளம், 16 அங்குலம் அகலம். அத்தனையும் கண்ணாடி! உடையாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்ததே பெரிய விஷயம்.

அந்தப் படங்கள் லண்டனில் அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தன. அதே வழியில் தொடர்ந்திருந்தால் எகிப்தைப் படம் பிடித்தவர் என்ற பெயரோடு நின்றிருப்பார்.

எல்லா ஊரையும் எடுப்போம்!

1860-ல் மேரி ஆன் ராஸ்லிங் என்பவரைத் திருமணம் செய்துகொண்டு, சர்ரேயில் உள்ள ரைகேட் ஊரில் குடியேறினார். அங்கே எஃப். ஃப்ரித் அண்ட் கோ நிறுவனம் வளர்ந்தது. திட்டம் கொஞ்சம் கிறுக்குத்தனமானது: பிரிட்டனில் உள்ள ஒவ்வொரு நகரத்தையும் கிராமத்தையும் படம் எடுப்பது.

ஆனால் வியாபாரிக்குக் கணக்கு தெரியும். ரயில் வந்துவிட்டது. 1871-ல் வங்கி விடுமுறைச் சட்டமும் வந்தது. சாதாரண ஜனங்களும் ஒருநாள் சுற்றுலா கிளம்பினார்கள். போன இடத்தின் ஞாபகமாக ஒரு படம் வேண்டும், சொந்தமாகக் கேமரா கிடையாது. டெவான் கடற்கரைக் கிராமமான க்ளோவெல்லியின் செங்குத்தான கல் தெரு, காஸல் கூம்பின் பழைய சந்தைச் சிலுவை மண்டபம் போன்ற படங்கள் ஊர்க் கடைகளில் விற்பனைக்கு வந்தன. 2,000-க்கும் மேற்பட்ட கடைகளில் ஃப்ரித் படங்கள் கிடைத்தன.

இதையெல்லாம் அவரே எடுத்தாரா? இல்லை. தொடக்கத்தில் அவரே சுற்றினார், பிறகு சம்பளத்துக்கு ஆள் வைத்தார். கேமராவைச் சுமந்து ஊர் ஊராகப் போன அந்த ஊழியர்களில் பலரின் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. புகழ் முழுக்க ஒரே பெயருக்குப் போனது கொஞ்சம் அநியாயம்தான்.

மகன்கள் காலத்து போஸ்ட் கார்டு

1898-ல் பிரான்சின் கான் நகரில் ஃப்ரித் காலமானார். மகன்கள் யூஸ்டஸ், சிரில் இருவரும் தொழிலைத் தொடர்ந்தனர். 1902-ல் பிரிட்டன் அஞ்சல் துறை ஒரு விதியை மாற்றியது. அதுவரை கார்டின் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டும். சேதியைப் படம் இருக்கும் பக்கத்திலேயே நெருக்கி எழுத வேண்டும். இனி முகவரியும் சேதியும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்றதும், மறுபக்கம் முழுக்கப் படத்துக்குக் கிடைத்தது. ஃப்ரித் நிறுவனத்துக்கு அடித்தது யோகம்.

எடுத்த ஊருக்கே மறுபடியும் போய் எடுத்தார்கள். அதனால் ஒரே தெருவில் முதலில் குதிரை வண்டி, பிறகு கார், அப்புறம் கூரை மேல் டிவி ஆன்டெனா என்று மாற்றத்தை வரிசையாகப் பார்க்க முடிகிறது.

குப்பைக்குப் போக இருந்த படங்கள்

1970 வாக்கில் நிறுவனம் மூடப்பட்டது. நூறு வருஷத்துப் படங்களுக்குக் கேட்பாரில்லை. ஆபத்தைப் புரிந்துகொண்டவர் பில் ஜே என்ற புகைப்பட வரலாற்று ஆய்வாளர். அவர் ஒரு விளம்பர நிறுவனத்தை அணுகி, அதன் மூலம் 1971 டிசம்பரில் அதன் வாடிக்கையாளரான ரோத்மன்ஸிடம் பேச வைத்தார். சில வாரங்களிலேயே அவர்கள் மொத்தத்தையும் வாங்கினார்கள். ரோத்மன்ஸ் ஒரு சிகரெட் கம்பெனி! பக்தியுள்ள குவேக்கரின் சொத்தைக் காப்பாற்றியது புகையிலைப் பணம்.

1977-ல் அதே ரோத்மன்ஸின் நிர்வாகி ஒருவர் அந்தச் சேகரிப்பைத் தனியாக விலைக்கு வாங்கினார். 1860 முதல் 1970 வரை எடுத்த சுமார் 7,000 ஊர்களின் படங்கள் அதில் இருக்கின்றன. தாத்தா குடியிருந்த தெரு, இடிக்கப்பட்ட பள்ளிக்கூடம், மூடிய ரயில் நிலையம் என்று தேடுகிறவர்கள், ஊர் பெயரைச் சொல்லி இன்றும் பிரதி வாங்கிக்கொள்கிறார்கள்.