விலங்கியலறிஞர் றேச்சல் கார்சன் அம்மையார்

பட்டம் பெறுதல் ஒன்றே பல்கலைக்கழக மேற்படிப்பின் பயன் என்று கருதுவோர் எக்காலத்திலும் பலர். பெயரின் முன்னே கலாநிதி என்னும் சொல் வந்தமையாவிடின், ஆராய்ச்சியிற் கழிந்த ஆண்டுகள் வீணாயின என்று வருந்தும் மாணவரும் பெற்றோரும் நம்மிடையே உளர். இக்கருத்து எத்துணைப் பிழைபட்டது என்பதற்குச் சான்றாக ஒருவரைக் காட்டுதல் போதும். கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பை வறுமை காரணமாக இடைநடுவிற் கைவிட்டவர். எனினும் தாம் கற்ற விலங்கியலைக் கொண்டே தம் நாட்டின் சட்டங்களை மாற்றியவர். உலக மக்கள் இயற்கையை நோக்கும் நோக்கையே மாற்றியவர். அவரே ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த றேச்சல் கார்சன் அம்மையார். கல்லூரி விழா மலரைப் படிக்கும் மாணவர்க்கு அவருடைய வரலாறு பெரிதும் பயன்படும் என்னும் எண்ணத்தால் அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

பென்சில்வேனியா மாநிலத்திலே, அலெகேனி ஆற்றின் அருகேயுள்ள ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி அம்மையார் பிறந்தார். தந்தையாருக்கு நிலம் இருந்தது. ஆனால் வருவாய் மிகக் குறைவு. தாயார் மரியா என்பவர் முன்னர் ஆசிரியையாக இருந்தவர். நல்ல கல்வியறிவு உடையவர். அவர் தம் இளைய மகளைத் தோப்புக்கும் வயல்வெளிக்கும் அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் செடிகொடிகளையும் பெயர் சொல்லிக் காட்டினார். இவ்வாறு இயற்கையின்மேற் பற்றும், நூல்களின்மேல் ஆர்வமும் இளமையிலேயே ஒருங்கு வளர்ந்தன. சிறுவர்க்கென வெளிவந்த ஒரு சஞ்சிகையில் 1918ஆம் ஆண்டிலேயே அவர் எழுதிய கதை அச்சேறியது.

1925ஆம் ஆண்டிலே பிற்ஸ்பேர்க் நகரிலிருந்த பென்சில்வேனியா மகளிர் கல்லூரியிற் சேர்ந்தார். எழுத்தாளராக வேண்டும் என்னும் விருப்பத்தால் ஆங்கில இலக்கியத்தையே முதலிற் பயின்றார். மேரி ஸ்கொற் ஸ்கிங்கர் என்னும் ஆசிரியையின் உயிரியல் வகுப்பு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இலக்கியத்தை விடுத்து உயிரியலை ஏற்பது அறிவீனம் என்று கூறியவர்கள் இருந்தனர். அக்காலத்தில் அறிவியல் கற்ற பெண்களுக்குக் கிடைத்த தொழில்கள் மிகச் சிலவே. ஆயினும் 1928இல் அவர் துணிந்து துறை மாறினார். 1929இற் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். மகளின் கல்விச் செலவுக்காகப் பெற்றோர் பட்ட பாடு பெரிது. கல்லூரிக்குச் செலுத்தவேண்டிய கடன் நிலுவையாக இருக்கவே அவர் பட்டதாரியாக வெளியேறினார்.

அவ்வாண்டுக் கோடையில் வூட்ஸ் ஹோல் என்னுமிடத்திலுள்ள கடலுயிரியல் ஆய்வுகூடத்தில் ஆறு கிழமைகள் தங்கிப் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. உள்நாட்டுச் சிற்றூரிற் பிறந்த அம்மையார் கடலைக் கண்ணாரக் கண்டது அப்போதுதான். அதுவரை நூல்களில் மட்டும் படித்த உயிர்களைக் கரையோரத்துப் பாறைகளில் உயிருடன் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய கடல் நூல்கள் யாவற்றுக்கும் வித்து அங்கேயே ஊன்றப்பட்டது எனலாம்.

அதன்பின் போல்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே விலங்கியல் முதுமாணி வகுப்பிற் சேர்ந்தார். முதலாண்டுக்குப் புலமைப்பரிசில் இருந்தது. ஆனால் 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரத்தையே உலுக்கிய பெருமந்தம் தோன்றியது. பெற்றோர் ஊரிற் பிழைக்க வழியின்றி மகளிடமே வந்து சேர்ந்தனர். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு மாணவியின் தோளில் விழுந்தது. இரண்டாம் ஆண்டு முதல் அவர் பகுதிநேர மாணவியாகிப் பணத்துக்காக உழைத்தார். குடித்தொகையை ஆராய்ந்த உயிரியலறிஞர் றேமண்ட் பேர்ள் என்பவருடைய ஆய்வுகூடத்தில் எலிகளையும் பழ ஈக்களையும் பேணும் உதவியாளராக இருந்தார். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்திலே விலங்கியல் கற்பித்தார். பகலிற் பிறர் ஆராய்ச்சிக்கு உதவி, எஞ்சிய நேரத்தில் தம் ஆராய்ச்சியைச் செய்தார்.

அந்த ஆராய்ச்சியும் எளிதில் அமையவில்லை. முதலில் ஒருவகை விரியன் பாம்பையும், பின்னர் அணிலையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டு முயன்றார். இரண்டும் பயன் தரவில்லை. ஈற்றில் கெளிறு மீனை எடுத்துக்கொண்டார். அம்மீனின் முளையப் பருவத்திலும் இளங்குடம்பிப் பருவத்திலும் முதன்முதல் தோன்றும் முன்சிறுநீரகம் எவ்வாறு விருத்தியடைகிறது என்பதே அவருடைய ஆய்வு. நாள்தோறும் முளையங்களைப் பேணி, அவற்றை மெல்லிய வெட்டுத் துண்டுகளாக்கி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, கண்டவற்றை வரைந்து, முன்னோர் கூறியவற்றோடு ஒப்பிட்டு நோக்கும் வேலை அது. பொறுமையும், கண்டதைக் கண்டவாறே கூறும் நேர்மையும் இல்லாதவர்க்கு அத்தகைய ஆய்வு கைகூடாது. 1932ஆம் ஆண்டு யூன் மாதத்தில் விலங்கியல் முதுமாணிப் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது.

கலாநிதிப் பட்டத்துக்கான படிப்பையும் அவர் தொடங்கினார். ஆனால் குடும்ப நிலை இடங்கொடுக்கவில்லை. 1934இற் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். அடுத்த ஆண்டிலே தந்தையார் திடீரென மறைந்தார். 1937இல் தமக்கையார் இறக்க, அவருடைய இரு பெண்மக்களையும் வளர்க்கும் கடமையும் வந்தது.

பிழைப்புக்காக அம்மையார் மத்திய அரசாங்கத்தின் மீன்பிடிப் பகுதியை நாடினார். அதன் அலுவலர் எல்மர் ஹிகின்ஸ் என்பவர், கடல்வாழ் உயிர்களைப்பற்றி வானொலிக்கு 52 சிறு உரைகளை எழுதும் வேலையை அவருக்குக் கொடுத்தார். விலங்கியல் அறிந்தவர்க்கு எழுதத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவர்க்கு விலங்கியல் தெரியவில்லை. இரண்டும் அறிந்தவராக அம்மையார் வந்தமைந்தார். பின்னர் அரசாங்க சேவைப் பரீட்சையில் ஏனையோர் எல்லாரிலும் மேலான புள்ளிகள் பெற்று, 1936இல் நீர்வாழ் உயிரியலாளராக நிரந்தர நியமனம் பெற்றார். 1941இல் வெளிவந்த அவருடைய முதல் நூலாகிய கடற்காற்றின் கீழே என்பது, அடுத்த மாதமே அமெரிக்கா போரில் இறங்கியமையால் விலைபோகாது கிடந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1951இல், நம்மைச் சூழ்ந்த கடல் வெளிவந்தது. அது 86 கிழமைகள் நாட்டின் சிறந்த விற்பனை நூல்களின் வரிசையில் நின்றது. அவ்வருவாயால் 1952இல் உத்தியோகத்தைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

இனி அவருடைய வாழ்வின் தலையாய பணியைக் கூறுவோம். இரண்டாம் உலகப் போரின் பின் டீ.டீ.ரீ. முதலிய பூச்சிநாசினிகள் வயல்களிலும் காடுகளிலும் ஊர்களிலும் ஆகாய விமானங்கள் மூலம் தெளிக்கப்பட்டன. டீ.டீ.ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இற் கண்டறிந்த போல் முல்லர் என்பார் 1948இல் நோபல் பரிசு பெற்றிருந்தார். அதன்மேல் ஐயங்கொள்வாரை மக்கள் ஏளனத்தோடு நோக்கிய காலம் அது. 1958இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துத் தோழி ஒருவர், நுளம்பை ஒழிக்கத் தெளித்த நஞ்சினாலே தம் தோட்டத்துப் பறவைகள் மடிந்ததை அவருக்குத் தெரிவித்தார். அம்மையார் ஆராயத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளின் பின், 1962 செப்தெம்பரில், மௌன வசந்தம் என்னும் நூல் வெளிவந்தது.

அந்நூலின் வலிமை எதிலே இருந்தது? அதிற் கூறப்பட்ட செய்திகள் பெரும்பாலும் புதியனவல்ல. விலங்கியலாளர் பலர் தனித்தனியே கண்டு, ஆய்விதழ்களில் எழுதி வைத்தவை. அவற்றை ஒன்றோடொன்று இணைத்து நோக்கியதே அம்மையாரின் அருஞ்செயல். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளவில் நடந்ததை அவர் எடுத்துக் காட்டினார். அங்கே பேராசிரியர் ஜோர்ஜ் வாலசின் கீழே பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் றொபின் பறவைகளின் தொகையை ஆராயத் தொடங்கியிருந்தார். அதே 1954ஆம் ஆண்டில் எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. நஞ்சு படிந்த இலைகள் உதிர்ந்தன. மண்புழுக்கள் அவற்றைத் தின்றன. மண்புழுக்களைத் தின்ற பறவைகள் நடுங்கி வீழ்ந்து இறந்தன. பறவைத் தொகையை எண்ணுவதற்குத் தொடங்கிய மாணவரின் ஆய்வு, அத்தொகை அழிவதற்குச் சான்றாக முடிந்தது.

கலிபோர்னியாவிலுள்ள கிளியர் ஏரியின் வரலாறும் அத்தகையதே. அங்கே கொசுகுகளை ஒழிக்க நீரிற் கலந்த நஞ்சு ஒரு மில்லியனில் 0.02 பங்கு மட்டுமே. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் அது 5 பங்காக ஏறியது. அவற்றைத் தின்ற சிறு மீன்களிலும், அம்மீன்களைத் தின்ற பெரு மீன்களிலும் படிப்படியாகப் பெருகி, ஒரு கெளிறு மீனில் 2,500 பங்காகக் காணப்பட்டது. மீனுண்ணும் பறவைகள் ஆயிரம் சோடியாக இருந்தவை முப்பது சோடியாகக் குறைந்தன. உயிர்கள் தனித்தனி வாழ்வனவல்ல, உணவினாலும் நீரினாலும் மண்ணினாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை என்னும் சூழலியல் உண்மையை, பாமரரும் உணரும்படி இவ்வுதாரணங்கள் விளக்கின.

இரசாயன உற்பத்தியாளர்கள் வெகுண்டெழுந்தனர். நூலிற் கண்ட செய்திகளை மறுப்பதைவிட ஆசிரியரின் தகுதியை மறுப்பது எளிதாயிற்று. கலாநிதிப் பட்டம் இல்லாதவர், பல்கலைக்கழகப் பதவி இல்லாதவர், மணமாகாத பெண் என்றெல்லாம் இகழ்ந்தனர். அம்மையாரோ நூலின் இறுதியில் ஐம்பது பக்கங்களுக்கு மேற்பட்ட ஆதாரப் பட்டியலைச் சேர்த்திருந்தார். அதிகாரங்களை அவ்வத்துறை வல்லுநரிடம் அனுப்பிப் பிழைகளைத் திருத்தியிருந்தார். கெளிற்றின் முளையத்தை ஆராய்ந்த நாளிற் பழகிய ஒழுக்கம் இங்கே அவருக்குக் கவசமாயிற்று. ஜனாதிபதி கெனடியின் அறிவியல் ஆலோசனைக் குழு 1963 மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கை அவருடைய முடிவுகளைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியது. அப்போது அவர் மார்புப் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். தம் நோயைக் காரணங்காட்டி எதிரிகள் தம் ஆராய்ச்சியின் நடுநிலையை ஐயுறலாகாது என்று அதனை மறைத்தே உழைத்தார். 1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, 56ஆவது வயதில் உயிர் நீத்தார். 1970இல் அமெரிக்காவிலே சூழற் பாதுகாப்புக்கெனத் தனி நிறுவனம் தோன்றியதும், 1972இற் பயிர்களுக்கு டீ.டீ.ரீ. தெளித்தல் தடுக்கப்பட்டதும் அவர் மறைவின் பின் நிகழ்ந்தவை.

இலங்கையராகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இவ்விடத்தில் உண்டு. அம்மையாரின் நூலாலே இலங்கை டீ.டீ.ரீ.யைக் கைவிட்டது என்றும், அதனால் மலேரியா மீண்டது என்றும் வெளிநாடுகளிற் சிலர் எழுதியிருக்கின்றனர். உண்மை வேறு. 1934–35ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாவை ஒடுக்குவதற்கு டீ.டீ.ரீ. பேருதவி புரிந்தது என்பதை எவரும் மறுக்கார். 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரே அந்நோயுற்றனர். நோய் ஒழிந்தது என்னும் நம்பிக்கையிலேயே வீடுகளிற் சுவர்களுக்கு மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968–69இல் நோய் பெருவாரியாகப் பரவ, 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். அப்போது டீ.டீ.ரீ. மீண்டும் தெளிக்கப்பட்டது, ஆனால் நுளம்புகள் அதனைத் தாங்கும் வல்லமை பெற்றுவிட்டமை காணப்பட்டு, 1970களில் மாலதியன் கையாளப்பட்டது. இவ்வாறு தப்பிய பூச்சிகள் வல்லமை பெற்றுப் பெருகும் என்பதனை மௌன வசந்தத்தில் அம்மையார் முன்னரே எச்சரித்திருந்தார். பூச்சிநாசினிகளை முற்றாக விலக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. விளைவை ஆராயாது கண்டபடி பயன்படுத்துவதையே கண்டித்தார். பின்னர், நோயாளரைத் தேடிக் கண்டறிதலும் நுளம்புகளை இடைவிடாது ஆராய்தலும் சேர்ந்த உழைப்பினால், 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வெற்றியிலே நுளம்புகளின் வாழ்க்கை முறையை ஆராய்ந்த நம் நாட்டு விலங்கியலாளர்க்கும் பங்கு உண்டு.

நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திலே இன்று தவளையையும் கரப்பானையும் அறுத்துப் பார்க்கும் மாணவருட் சிலர் நாளை பல்கலைக்கழகம் புகுவர். அவருள்ளும் சிலரே மேற்பட்டத்துக்கு ஆராய்வர். குடும்பச் சுமையால் இடையிலே நிறுத்த நேர்பவரும் இருப்பர். அவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. கூர்ந்து நோக்குதல், ஐயம் வந்தவிடத்து நின்று மீளச் சோதித்தல், ஆதாரமின்றி ஒன்றுங் கூறாமை ஆகிய பழக்கங்களை அவ்வாய்வு அவருக்கு அளித்திருக்குமாயின், அவர் ஆசிரியராயினும் அரசாங்க உத்தியோகத்தராயினும் பத்திரிகை எழுத்தாளராயினும் அக்கல்வி நாட்டுக்குப் பயன்படும். நம் களப்புகளும் குளங்களும் காடுகளும் அத்தகையோரை எதிர்நோக்கி நிற்கின்றன. றேச்சல் கார்சன் அம்மையாரின் வரலாற்றைக் கற்கும் இளைஞர் அப்பணிக்குத் தம்மைத் தகுதியாக்கிக் கொள்வாராக.